மூன்றாம் சாட்சி

காரைக்கால் வட்டாரத்தில் எங்கே மலர்வளையம் வைத்தாலும், அதைப் பிடித்திருக்கும் கைகளில் ஒன்று என் கணவருடையதாக இருக்கும். லெப்டினன்ட் கர்னல் சிவநாதன், ஓய்வு. இந்த ஓய்வை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஜனவரியில் ராணுவ தினம், ஜூலையில் கார்கில் தினம், டிசம்பரில் கொடிநாள். போதாக்குறைக்கு எங்கள் பகுதிக்கு விடுதலை நாளே இரண்டு. வெள்ளைக்காரன் போனதற்கு ஆகஸ்டில் ஒன்று, பிரெஞ்சுக்காரன் போனதற்கு நவம்பரில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நான் கோட்டைத் தேய்த்து, பதக்கங்களைத் துடைத்து, பேச்சைத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். பேச்சு எங்கே தொடங்கினாலும் 'மறக்க மாட்டோம்' என்றுதான் முடியும். காஸ் புக் பண்ண மறந்த அன்றைக்குக்கூட இவர் அப்படித்தான் பேசிவிட்டு வந்தார்.

நான் கல்யாணசுந்தரி. அரசு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் எழுத்தராக இருந்தேன். ஒரு கோப்பைக் கையில் கொடுத்தால், அதில் என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு என்ன இல்லை என்றுதான் முதலில் தேடுவேன். அந்தப் புத்தி வீட்டுக்கு வரக்கூடாது என்று அம்மா சொல்வாள். வந்துவிட்டது, என்ன செய்வது.

எங்கள் வீடு நெரவியில். அங்கே வருஷத்துக்கு ஒரு முறையாவது மெஹர் பானு வருவாள். காரைக்கால் கீழத்தெருவிலிருந்து மினி பஸ் பிடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டு வருவாள். அவள் கணவர் ஜெகபர் அலி பட்டாளத்துச் சிப்பாய். 1987இல் இலங்கைக்குப் போன படையில், என் கணவர் இருந்த அதே பட்டாலியனில் இருந்தவர். அந்த அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் காணாமல் போனார். மூன்று மாதம் கழித்து அரசாங்கக் காகிதம் வந்தது. செத்தார் என்றும் இல்லை, காணோம் என்றும் இல்லை. படையை விட்டு ஓடிப்போனவர் என்று இருந்தது.

அப்போது பானுவுக்கு இருபது வயது, இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை நஜீபா. அந்தத் தெரு கப்பலேறிப் போனவர்களின் தெரு. போன இடத்திலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு திரும்பாமல் இருந்துவிட்ட ஆண்களின் கதை அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அதனால் இவர் கதையையும் ஊர் சுலபமாக எழுதி முடித்துவிட்டது. கொழும்பில் பார்த்தோம் என்றார்கள். கோலாலம்பூரில் மளிகைக்கடை வைத்திருக்கிறான், தொப்பை போட்டுவிட்டது என்றுகூட ஒருவர் சொன்னாராம். நஜீபாவுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் இந்தப் பேச்சிலேயே தட்டிப் போயின. மூன்றாவதாக வந்தவன் நல்லவன். இப்போது அவள் ஷார்ஜாவில் இருக்கிறாள்.

என் கணவர் 2009இல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் பானு தேடி வந்தாள். "அண்ணே, நீங்க அதே பட்டாலியன். எங்க வீட்டுக்காரவங்களைத் தெரியுமில்ல? அவங்க ஓடுற ஆளா, சொல்லுங்க" என்றாள். இவர் அவள் முகத்தைப் பார்க்காமல் "இல்லம்மா, ஓடுற ஆள் இல்ல" என்றார். அன்றைக்கே மனு எழுத உட்கார்ந்துவிட்டார். பதினாறு வருஷத்தில் பதினொரு மனு. அத்தனையும் என் தட்டச்சு. சட்டப் பிரிவு, முன்னுதாரணம், மனிதாபிமானம் என்று ஒவ்வொன்றும் நாலு பக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்: புதிய சாட்சியம் எதுவும் இல்லை. கடிதங்கள் தொலைந்துவிடக்கூடாது என்று எங்கள் முகவரியையே கொடுத்திருந்தோம். பானு இவரைக் கூடப் பிறந்த அண்ணனாகவே நினைத்தாள். நோன்புப் பெருநாளைக்கு முதல் பிரியாணித் தூக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

இந்த வருஷம் முன்னாள் படைவீரர் சங்கம் ஒரு நினைவுக்கல் வைக்கத் தீர்மானித்தது. இவர்தான் தலைவர். சண்டைகளில் செத்துப்போன எங்கள் பகுதிக்காரர்கள் ஏழு பேரின் பெயர் அதில் வரும். டிசம்பர் பதினாறு திறப்பு. எட்டாவதாக ஜெகபர் அலி பெயரையும் சேர்க்கச் சொல்லி பானு கேட்டாள். காகிதம் இல்லாமல் பெயர் ஏறாது என்று சங்கத்தில் விதி இருக்கிறதென்று இவர் சொன்னார். விதியை எழுதியவரும் இவர்தான். அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். "ஓடிப்போனவன்கிற அந்த ஒரு வார்த்தையை அழிச்சிட்டா போதும் அண்ணே, வேற ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு அவள் மினி பஸ்ஸுக்குப் போனாள்.

நவம்பர் இரண்டாம் வாரம் ஒரு கனமான உறை வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நஜீபா ஷார்ஜாவிலிருந்தே விண்ணப்பம் போட்டிருக்கிறாள். முகவரிக்கு வழக்கம்போல எங்கள் வீடு. வீட்டுக்கு வரும் தபாலைப் பிரிப்பது நான்தான். உள்ளே 1987 டிசம்பரில் நடந்த விசாரணையின் நகல். பதினான்கு பக்கம், மங்கலான ஆங்கிலத் தட்டச்சு. நான்கு சாட்சிகள். மூன்றாம் சாட்சி, லெப்டினன்ட் சிவநாதன்.

நான் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

சிப்பாய் ஜெகபர் அலியைக் கடைசியாகப் பார்த்தது அக்டோபர் பத்தொன்பது, மாலை ஐந்தே முக்கால். சந்தில் வடக்குப் பக்கமாக நடந்து போனார். கையில் துப்பாக்கி இல்லை. சீருடை இல்லை, கைலி கட்டியிருந்தார். துப்பாக்கியும் சீருடையும் பிளாட்டூன் இருந்த இடத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. அதன்பின் அவரைப் பார்க்கவில்லை. இவ்வளவுதான் சாட்சியம். தமிழ் பேசுகிற சிப்பாய், தமிழர் ஊரில், துப்பாக்கியை வைத்துவிட்டுக் கைலியில் நடந்து போகிறான் என்றால் விசாரிக்கிறவர்கள் வேறென்ன எழுதுவார்கள்? என் கண் வழக்கம்போல இல்லாததைத் தேடியது. ஏன் போனார் என்று ஒரு வரி இல்லை.

மத்தியானம் இவர் கல் வேலை நடக்கும் இடத்திலிருந்து வந்து, கை கழுவி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். தட்டு இருக்க வேண்டிய இடத்தில் அந்தத் தாள்களை வைத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.

"கைலி எங்கேருந்துங்க வந்துச்சு?" என்றேன்.

"அவனோடதுதான். ராத்திரி கட்டிக்கிறதுக்கு வச்சிருந்தான்."

"யார் கட்டச் சொன்னா?"

"நான்தான்."

பிறகு சொன்னார். எதிர்ப்பக்கத்து வீட்டில் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சண்டை. சீருடையைக் கண்டால் கதவைத் திறக்க மாட்டார்கள். "அந்தச் சந்து நம்ம ஊர்ச் சந்து மாதிரியே இருந்துச்சு சுந்தரி. அதே ஓட்டு வீடு, அதே வேலி. பேசுறதும் தமிழ். கைலியைக் கட்டிக்கிட்டு அவங்க வீட்டுப் பையன் மாதிரி போய்க் கூப்பிடு, வந்துருவாங்கன்னு சொன்னேன். சீருடை இல்லாம, ஆயுதம் இல்லாம ஒருத்தனை அனுப்பக்கூடாது. எனக்கு இருபத்தஞ்சு வயசு. நம்ம ஊர்க்காரன் புத்தி எனக்கு, ஆபீசர் புத்தி இல்ல. அவன் சிரிச்சுக்கிட்டே, சரி சார், கீழத்தெருவுக்குப் போயிட்டு வர்ற மாதிரி போயிட்டு வந்துடுறேன்னான்."

ஜெகபர் அலி போனார். கதவு திறந்தது. பத்து நிமிஷத்தில் ஒரு பெண், கையில் ஒரு பிள்ளை, பின்னால் தோளில் இன்னொரு பிள்ளையைச் சுமந்துகொண்டு கைலி கட்டிய ஒருவர், எல்லோரும் வேலியோரமாக ஓடி வந்தார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து வயர்லெஸ்ஸில் கேட்டார்கள்: பீரங்கி சுடப் போகிறோம், உன் ஆட்கள் எல்லோரும் பின்னால் வந்துவிட்டார்களா? இவர் தூரத்தில் வந்த கைலியைப் பார்த்தார். வந்துவிட்டார்கள் என்றார். தோளில் பிள்ளையோடு வந்தவன் கிட்டே வந்தபோதுதான் வேறு முகம் தெரிந்தது. அவன் அந்தப் பிள்ளைகளின் தகப்பன். "எங்கட அம்மாவைத் தூக்கிக்கொண்டு வரவெண்டு அந்தத் தம்பி திரும்ப உள்ள போனவர்" என்றான். இவர் வயர்லெஸ்ஸை எடுப்பதற்குள் நம் பீரங்கியின் முதல் ஷெல் அந்த வீட்டின் மேல் விழுந்துவிட்டது.

"அவனை நான்தான் கைலி கட்ட வச்சேன். அதனாலதான் எனக்கு அடையாளம் தெரியாமப் போச்சு" என்றார்.

முப்பத்தைந்து வருஷத்தில் இவர் கைலி கட்டி நான் பார்த்ததில்லை. கொல்லைக் கொடியில் வேலைக்காரம்மா வீட்டுக்காரரின் கைலி காய்ந்தால்கூட முகத்தைச் சுளிப்பார். பட்டாளத்துப் பகட்டு என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

"விசாரணையில ஏன் சொல்லல?"

"கோர்ட் மார்ஷல் பண்ணிடுவாங்கன்னு பயம். காணாமப் போனவர்னு எழுதுவாங்கன்னு நெனச்சேன். இப்படி எழுதுவாங்கன்னு..." என்று நிறுத்திவிட்டு, "ஒரு வார்த்தைகூட நான் பொய் சொல்லல" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. பதினொரு மனு! ராத்திரி கண்ணைக் கசக்கிக்கொண்டு பிழை திருத்தியிருக்கிறேன். புதிய சாட்சியம் இல்லை, புதிய சாட்சியம் இல்லை என்று ஒவ்வொரு முறையும் பதில் வரும்போது, பானுவுக்கு முன்னால் நானும் சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டியிருக்கிறேன். சாட்சியம் என் வீட்டில் ரசஞ்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"சொல்றேன். கல் திறப்பு முடியட்டும். இப்பச் சொன்னா சங்கத்துக்கு என்ன பேர் வரும், படைக்கு என்ன பேர் வரும்?"

"படைக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்குத்தான் ஆகும். அதை முதல்ல சொல்லிப் பழகுங்க. நாளைக்குக் காலையில எட்டரை மினி பஸ்ல நான் கீழத்தெருவுக்குப் போறேன். நீங்க வந்தா நீங்க சொல்லுங்க. வரலைன்னா நான் இந்தத் தாளைப் படிச்சுக் காட்டிட்டு வர்றேன்."

சாயங்காலம் வரை அவர் அறையை விட்டு வரவில்லை. வந்தபோது கையால் எழுதிய மூன்று பக்கம் இருந்தது. பிரமாண வாக்குமூலம். முதல் தடவையாக என்னிடம் தட்டச்சுக்குத் தராமல் படிக்கத் தந்தார். 'சிப்பாய் ஜெகபர் அலி அனுப்பப்பட்டார்' என்று இருந்தது. யார் அனுப்பியது என்று கேட்டுப் பேனாவை நீட்டினேன். அடித்துவிட்டு 'நான் அனுப்பினேன்' என்று எழுதினார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பேனாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் தோன்றவில்லை.

மறுநாள் காலை கீழத்தெருவில் பானு டீ போட்டு எடுத்துவந்தாள். டம்ளரைத் தொடாமல் இவர் நின்றுகொண்டே சொன்னார். உட்காருங்கள் அண்ணே என்று அவள் இரண்டு முறை சொன்னாள்; பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். முழுக்கக் கேட்டாள். அழுவாள், கத்துவாள், டீயை மூஞ்சியில் வீசுவாள் என்று எதற்கும் தயாராகத்தான் நான் நின்றேன்.

"அந்தப் பிள்ளைங்க?" என்றாள்.

"ரெண்டும் பிழைச்சுதும்மா. தாய் தகப்பனும்."

"அந்த அம்மா?"

இவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

பானு டீ டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "ஒத்தையில விட்டுட்டு வரமாட்டாங்க. அவங்க அப்படித்தான்" என்றாள். அப்புறம் குரல் மாறியது. "நீங்க எழுதுன மனுவுல எல்லாம் நான் கையெழுத்துப் போட்டேனே அண்ணே. எங்க போடணும்னு விரல் வச்சுக் காட்டுவீங்களே."

"தப்புதாம்மா. பெரிய தப்பு. இதை இன்னைக்கே நோட்டரிகிட்டப் பதிஞ்சு ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்பிடுறேன். கல்லுல எட்டாவது பேரா..."

"கல்லு கிடக்கட்டும். அதைப் படிக்க எத்தனை பேர் வருவாங்க? வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு பள்ளிவாசல்ல வந்து சொல்லுங்க. கோலாலம்பூர்ல பார்த்தேன், கொழும்புல பார்த்தேன்னு ஊரு பேசுனது அந்த வாசல்ல நின்னுதான். அங்க நின்னு சொல்லுங்க."

இவர் ஆயிரம் பேர் முன்னால் மேடையில் பேசியவர். அன்றைக்கு "சரிம்மா" என்று சொல்வதற்கே தண்ணீர் கேட்டார்.

வாக்குமூலம் பதிவுத் தபாலில் போனது. சங்கத்துத் தலைவர் பதவியை விட்டு விலகுவதாக ஒரு கடிதமும் போனது. விலகும் முன் எட்டாவது பெயருக்கான தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டுத்தான் விலகினார். சங்கத்தில் இரண்டு பேர் போன் செய்து, செத்துப்போன விஷயத்தை எதற்குக் கிளறுகிறீர்கள் என்று கேட்டார்கள். அதில் ஒருவரிடம் நானே பேசினேன். அவர் மறுபடி போன் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை இவர் கோட்டுப் போடவில்லை, பதக்கமும் இல்லை. வெள்ளைச் சட்டை, வேட்டி. ஜமாஅத்துக்காரர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தார். நான் பானு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிவாசல் நாலு வீடு தள்ளி. தொழுகை முடிந்து, மைக்கில் யாரோ இரண்டு முறை தட்டினார்கள். அப்புறம் இவர் குரல் வந்தது.

"பெரியோர்களே" என்று மேடைப் பேச்சாகத்தான் ஆரம்பித்தார். அதோடு நின்றுவிட்டது. பிறகு, "நான் நெரவி பஞ்சநாதன் மகன் சிவநாதன். கீழத்தெரு ஜெகபர் அலி ஓடிப்போகல. நான்தான் அனுப்புனேன். ரெண்டு பிள்ளைங்களைக் காப்பாத்திட்டு, ஒரு வயசான அம்மாவைத் தூக்கப் போயி அங்கேயே செத்துப்போனாரு. அது எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷமாத் தெரியும். நான் சொல்லல" என்றார். தெருவில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. எதிர்வீட்டு அமீர் நிஷா வாசலுக்கு வந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கணவர்தான் அந்தத் தொப்பைக் கதையைச் சொன்னவர் என்று பானு ஒரு முறை என்னிடம் சொல்லியிருந்தாள்.

அடுத்து பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்தின் குரல் கேட்டது. உடல் இல்லாதவருக்கு, தூரத்தில் இறந்துபோனவருக்குத் தொழுகிற ஜனாஸா தொழுகைக்கு வரிசை நிற்கச் சொன்னார். அந்தத் தொழுகையில் நான்கு தக்பீர் உண்டாம். அல்லாஹு அக்பர் என்று முதல் முறை கேட்டதும் பானு கழுத்தில் இருந்த கருகமணிச் சரட்டில் கை வைத்தாள். தாலி மாதிரி அவர்களுக்கு அது. செத்தார் என்று யாரும் சொல்லாததால் இத்தனை வருஷமும் அது அங்கேயே கிடந்தது. நாலாவது தக்பீருக்குள் அதைக் கழற்றிவிட்டாள். கழற்றியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழ எனக்கு என்ன உரிமை என்று என்னையே திட்டிக்கொண்டும் அழுதேன்.

தொழுகை முடிந்து ஹஜ்ரத் பானு வீட்டுக்கு வந்து வாசல் திரைக்கு வெளியே நின்று துஆ ஓதினார். இத்தாவைப் பற்றிப் பானு கேட்டாள். கணவன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்களைப் பார்க்காமல் வீட்டோடு துக்கம் இருப்பது அது. இறந்த தேதியிலிருந்துதான் கணக்கு என்று ஹஜ்ரத் மெதுவாக விளக்கினார். "உங்களோடது எண்பத்தெட்டுலயே முடிஞ்சுபோச்சும்மா. இப்ப உங்க மேல கடமை ஒண்ணும் இல்ல."

அவர் போனபிறகு பானு அலமாரியைத் திறந்து ஒரு வெள்ளைச் சேலையை எடுத்தாள். மடிப்பு கலையாத புதுச் சேலை.

"அதான் வேணாம்னு சொல்லிட்டாங்களே பானு" என்றேன்.

"கடமை இல்லன்னுதான் சொன்னாங்க, கூடாதுன்னு சொல்லலக்கா. இத்தனை வருஷமா அவங்களுக்காக நான் அழுததே இல்ல. அழுதா செத்துட்டாங்கன்னு ஆயிடும்னு பயம். கோலாலம்பூர்ல இருக்கட்டும், இன்னொருத்தியோடகூட இருக்கட்டும், உயிரோட இருந்தாப் போதும்னு துஆ கேட்டிருக்கேன். எனக்கு இப்பத்தான் மௌத்துச் செய்தி வந்திருக்கு."

சேலையைப் பிரிக்க உதவினேன். உடுத்திக்கொண்டு, உள்ளறைக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்தாள்.

"அண்ணன் வெளிய நிக்கிறாங்களா?"

"நிக்கிறாரு."

"மன்னிச்சிட்டேன்னு சொல்லணும்னு நிக்கிறாங்களா?"

"அவரு கேக்க மாட்டாரு. ஆனா நிக்கிறாரு."

"நாலு மாசம் பத்து நாள் யாரையும் பார்க்க மாட்டேன். அது கழிச்சு வரச் சொல்லுங்க. என்ன சொல்றதுன்னு அப்ப எனக்கே தெரியுமான்னு தெரியல. கதவைச் சாத்திட்டுப் போங்கக்கா."

சாத்திவிட்டு வெளியே வந்தேன். வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு இவர் வெயிலில் நின்றிருந்தார். பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள் சிலர் இவரைக் கண்டு ஒதுங்கிப் போனார்கள். ஒருவர் மட்டும் இவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

"என்ன சொன்னாங்க?"

"மார்ச் கடைசி வரைக்கும் காத்திருக்கச் சொன்னாங்க."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

முப்பத்தெட்டு வருஷம் அவள் என்ன பண்ணினாளோ அதைத்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது, அது அவருக்கே தெரிந்துவிட்டது என்று தெரிந்தது.